மண்ணுக்கு ஒரு நல்ல இடம்

உன் மண் ரொம்ப நல்ல மண் என்று யாராவது சொன்னால் மனிதன் சந்தோஷப்பட வேண்டும். மாட்டேன் என்று ஊர் கூப்பிடுகிற அந்தப் பெரியவர் சந்தோஷப்படவில்லை. அப்படிச் சொன்ன பெண்ணின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கித் தன் பக்கத்தில் ஊன்றிக்கொண்டார்.

"திரும்பச் சொல்லும்மா."

"உங்க மண்ணு ரொம்ப நல்ல மண்ணுங்கய்யா. அதுதான் பிரச்சினை."

மாட்டேன் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருகிற சொல் அது. டாக்டர் ஊசி போடணும் என்றால் மாட்டேன். பஸ்ஸில் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க என்றால் மாட்டேன். அப்புறம் யோசித்துச் சில சமயம் சரி என்பார். ஆனால் சரி என்று வாயைத் திறப்பதற்குள் கேட்டவன் அடுத்த தெருவுக்குப் போயிருப்பான். ஊர் அவரை அந்தப் பெயரிலேயே கூப்பிட்டது. முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் அவர் கோபித்துக்கொள்வதில்லை. ஏமாளி என்று பேர் வாங்குவதற்கு இது எவ்வளவோ தேவலை என்பது அவர் எண்ணம்.

அவருடைய நிலம் ஆறு வளைகிற இடத்தில், தாழ்வான இடத்தில் இருந்தது. விளைந்தால் கொட்டிக்கொடுக்கும், ஆறு பெருகினால் அள்ளிக்கொண்டு போகும். முழங்கால் ஒத்துழைத்த வரைக்கும் ஆற்றோடு மல்லுக்கு நின்றார். முழங்கால் கைவிட்டதும் நிலத்தை விட்டார். வீடு கட்டி விற்கிறவர்கள் வந்தார்கள். வெள்ளம் வருகிற இடத்தில் வீடு கட்டி எவன் தலையில் கட்டப் போகிறாய் என்று விரட்டிவிட்டார். கடைசியில் வந்தது இந்தப் பெண். அழிந்துபோகிற பிராணிகளுக்காக உழவு நின்ற நிலங்களை வாங்கிப் பழையபடி காடாகவும் சதுப்பாகவும் விட்டுவிடுகிற ஒரு சங்கத்திலிருந்து வருகிறேன் என்றாள். நிலத்தில் பெரிய வேலை எதைச் செய்வதாக இருந்தாலும் என்னைக் கேட்டுத்தான் செய்யவேண்டும், நான் உயிரோடு இருக்கிறவரை, என்று ஒரு நிபந்தனை போட்டுவிட்டுக் கொடுத்தார்.

அவள் கொண்டுவர நினைத்தது ஒரு தேரையை. உள்ளங்கையில் அடங்குகிற மணல்தேரை, முதுகின் நடுவில் மஞ்சள் கோடு. அந்த ஆற்றங்கரையைத் தவிர வேறு எங்கும் அது மிஞ்சவில்லை என்று அவள் சொன்னாள். அவர் அவளுக்குத் தவளைக்காரி என்று பேர் வைத்தார்.

"தவளை இல்லைங்கய்யா, தேரை."

"என்ன வித்தியாசம்?"

"தவளை தாவும். இது எலி மாதிரி ஓடும்."

"ஓடுற தவளை," என்றார் மாட்டேன்.

முதல் வருஷம் நிலத்தைச் சும்மா விட்டார்கள். சும்மா விட்டால் தானாக வரும் என்றார்கள். வந்தது. முள்செடியும் பார்த்தீனியமும் பெயர் தெரியாத காட்டுச்செடியும் மார் உயரத்துக்கு வந்தன. உள்ளே போனால் ஆள் தெரியாது. அந்த நிழலில் ஒரு தேரை எட்டிப் பார்க்கவில்லை. முடி வெட்டுகிற கடையில் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, "என்னங்க, இந்த வருஷம் களை நல்ல விளைச்சலாமே, அறுப்பு எப்போ?" என்று கேட்டார்கள். வாழ்க்கையில் ஒரு களையை அடுத்த நாள் வரைக்கும் விட்டுவைக்காத மனிதர் அரை முடியோடு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதற்குத்தான் இப்போது குழி வெட்டிப் பார்த்தது. குழியின் மேல்பாதி கறுப்பாக, ஈரமாக, பிடித்தால் கையில் நிற்கிற மாதிரி இருந்தது. கீழ்ப்பாதி வெளுத்த மணல். கோடு போட்ட மாதிரி இரண்டும் பிரிந்திருந்தன.

"இந்தக் கறுப்பு நீங்க உண்டாக்கினதுங்கய்யா," என்றாள் தவளைக்காரி. "எருவும் சாம்பலும் குளத்து வண்டலும் போட்டுப் போட்டு. இதுல எது விழுந்தாலும் மார் உயரம் வளரும். தேரைக்கு வேண்டியது அந்த மணல். வெயில் படணும், மழைத்தண்ணி ஆழமில்லாம தேங்கணும், கொஞ்ச நாள்ல வத்தணும். மேல்மண்ணை வழிச்செடுத்தாத்தான் நடக்கும்."

வெளுத்த மணலைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. நடுத்தெருவில் நிறுத்தி வைத்துச் சட்டையைக் கழற்றச் சொன்ன மாதிரி. தான் அந்த நிலத்துக்கு வந்தபோது எல்லாம் இந்த மணல்தான். அதை மூடுவதற்குத்தான் ஒரு ஆயுசு போனது.

"வழிச்சு எங்க கொண்டுபோவீங்க? செங்கல் சூளைக்கா?"

"அது இன்னும் முடிவு பண்ணலைங்கய்யா."

"முடிவு பண்ணாதவன்தான் முதல்ல விப்பான்," என்றார். "மாட்டேன்."

மண்வெட்டியையும் அவளிடம் திருப்பிக் கொடுக்காமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். அது அவளுடைய மண்வெட்டி.

வீட்டில் மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மருமகன் லாரி ஓட்டுகிறவர். குரல் உயர்த்தாத ஆள். அதனாலேயே மாமனாருக்கு அவர்மேல் ஒரு சந்தேகம் உண்டு. சத்தம் போடாத வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைக்கிற ரகம் அவர்.

"வாங்க மாப்ள," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைக் கதவுக்குப் பின்னால் சாத்தினார்.

"மாட்டேன்னு சொல்லிட்டு வந்திருப்பீங்க," என்றாள் அவர் மனைவி, அடுப்பைப் பார்த்தபடியே. "எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னார். என் ஆயுசு பூரா போட்ட மண்ணு, அதை வழித்தெடுப்பார்களாம், தவளைக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம் என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் பிசிறியது. இருமி மறைத்தார்.

மனைவி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "உங்க ஆயுசு மட்டும்தானா? எருக்கூடையைத் தலையில வச்சு அவ்வளவு தூரம் நடந்தது யாரு, உங்க அத்தை மகளா?"

"நீதான். இல்லன்னு யாரு சொன்னா?"

"அப்போ பாதி மண்ணு என்னோடது."

"சரி, உன் பாதியை வச்சு என்ன பண்ணப் போற?"

"அது என் பாடு. நீங்க உங்க பாதிக்கு வழியைப் பாருங்க."

மருமகன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மாமா, மண்ணு எங்கயாவது போய்த்தான் ஆகணும். இல்ல, அந்த நிலம் இப்படியே முள்ளுக்காடாத்தான் கிடக்கும். அவங்க மண் ஏத்துறதுக்கு என் லாரியைத்தான் கேட்டிருக்காங்க."

"ஓ," என்றார் மாட்டேன். "வீட்டுக்குள்ளயே ஆள் பிடிச்சாச்சா."

"அப்பா," என்றாள் மகள்.

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, வெளியே போய்விட்டார்.

போனது ஆற்றுக்கு. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தேரை மிஞ்சியிருக்கிற இடம் என்று தவளைக்காரி எப்போதும் சொல்கிற மணல்திட்டு கரையை ஒட்டி இருக்கும். போன கோடையில் அதில் ஆடு மேயவிட்டார்கள். இப்போது அது ஒரு கட்டில் போடுகிற அகலத்துக்கு வந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் ஒரு துண்டு சத்தமில்லாமல் வழுக்கித் தண்ணீருக்குள் போனது. ஆறு தின்கிற விதம் அவருக்குத் தெரியும். கடித்துத் தின்னாது, நக்கி நக்கித் தின்னும். அடுத்த மழைக்கு அந்தத் திட்டு இருக்காது.

திட்டில் சின்னச் சின்னத் துளைகள் இருந்தன. எதிலிருந்தும் எதுவும் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். எங்கே போவது என்று தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும் போல என்று தோன்றியது. தவளைக்குப் போய் இரக்கப்படுகிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் காலையில் மண்வெட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தார். "எடுத்துக்கோ. ஆனா சூளைக்குப் போகக் கூடாது. வீட்டு மனையில பள்ளம் மூடவும் போகக் கூடாது. ஏதாவது விளையுற இடத்துக்குத்தான் போகணும். எங்கன்னு நான் சொல்வேன்."

"தாராளமாச் சொல்லுங்கய்யா. வெள்ளம் வராத மேடா இருந்தா போதும். மழைக்கு முன்னாடி மட்டும் சொல்லிடுங்க. தேரை மழை விழுந்ததும் முட்டையிடும். இந்த வருஷம் தவறினா அடுத்த வருஷத்துக்குத் திட்டும் இருக்காது, தேரையும் இருக்காது."

"அது நான் பார்த்துட்டேன்," என்றார்.

அன்றிலிருந்து மாட்டேன் மண்ணுக்கு இடம் பார்க்கக் கிளம்பினார். பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கள் தோற்றுப்போவார்கள். காய்கறி போடுகிறவர் ஒருவர் ஆசையாகக் கேட்டார். அவர் கொட்டகையில் அடுக்கியிருந்த பூச்சிமருந்து டப்பாக்களை முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்த ஆள் மண்ணைக் குடிகாரனாக்கிடுவான்" என்று திரும்பினார். பள்ளிக்கூடத்தில் தோட்டம் போடக் கேட்டார்கள். பிள்ளைகள் மிதித்தே கொன்றுவிடுவார்கள். பெரிய வீட்டுக்காரர் ஒருவர் காரை அனுப்பி அழைத்துப்போய் வீட்டைச் சுற்றிக் காட்டினார். முழுக்கப் புல்வெளி போடணும் என்றார்.

"புல்லு முளைச்சா என்ன பண்ணுவீங்க?"

"வாராவாரம் வெட்டணுங்க."

"மாட்டுக்கா?"

"மாடு இல்லைங்க. அழகுக்கு."

காரில் ஏறாமல் நடந்தே வந்தார். புல்லை வளர்க்கிறதும் அவனே, வெட்டுகிறதும் அவனே, நடுவில் சாப்பிட ஆளில்லை, இதற்கு என் மண் வேண்டுமாம் என்று வழியெல்லாம் முணுமுணுத்தார்.

"எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்போகூட நீங்க இவ்வளவு விசாரிக்கலப்பா," என்றாள் மகள்.

"உனக்கு வாய் இருக்கு. போற இடத்துல பேசிக்குவ. மண்ணுக்கு ஏது வாய்?"

மருமகன் சிரித்தார். சிரித்துவிட்டு, "எங்கப்பா இடத்தைப் பார்க்கலையே மாமா," என்றார்.

மனைவி ஒரு பாத்திரத்தை எடுத்து, ஏற்கெனவே கழுவியதை மறுபடி கழுவினாள்.

சம்பந்தி ரயில்வே கேட் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தில் மலைச்சரிவில் ஒரு துண்டு நிலம் வாங்கினார். அங்கே கல்லைத் தவிர ஒன்றும் இல்லை. கல்யாணத்தன்று கூட்டத்தில் யாரோ சம்பந்தி வீட்டில் என்ன விளைகிறது என்று கேட்க, மாட்டேன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கல்லுதான். கல்லுல நார் உரிக்கிற குடும்பம்" என்று சொல்லிவிட்டார். அன்றோடு இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் பேச்சு நின்றது. ஒருத்தர் வந்தால் மற்றவர் கிளம்பிவிடுவார்.

மழை நெருங்கிக்கொண்டிருந்தது. இடம் எதுவும் அமையவில்லை. மாட்டேன் பஸ் ஏறினார்.

சம்பந்தி சரிவின் பாதியில், பனியனோடு, ஒரு கல்லை இன்னொரு கல்லின்மேல் பொருத்திக்கொண்டிருந்தார். வந்தவரைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார். "வாங்க" என்று சொல்லவில்லை. "போங்க" என்றும் சொல்லவில்லை.

மாட்டேன் சரிவைப் பார்த்தார். கீழேயிருந்து மேல்வரை படிப்படியாகக் கல்சுவர்கள். இடுப்பு உயரம், சுண்ணாம்பில்லை, சிமெண்டில்லை. கல்லுக்குக் கல் பல் கோத்த மாதிரி நின்றன. ஒவ்வொரு சுவரின் மேல்பக்கமும் ஒரு தட்டு. எல்லாத் தட்டும் காலி.

"என்ன சம்பந்தி இது?"

"கல்லுதான் விளையுதுன்னு நீங்கதானே சொன்னீங்க. விளைஞ்சதை அடுக்கி வச்சிருக்கேன்."

மாட்டேன் ஒரு சுவரில் கை வைத்து அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. காலால் ஒரு உதை விட்டார். முழங்கால்தான் வலித்தது.

"மண்ணே இல்லாத இடத்துல எதுக்கு இவ்வளவு வரப்பு?"

"கேட்டை மூடி வச்சுட்டு ரயிலுக்குக் காத்திருக்கிறதுதானே என் உத்தியோகம். மூடினா வந்துதானே ஆகணும்."

"எந்த ரயில் வரும்னு நினைச்சீங்க?"

சம்பந்தி ஒரு கல்லைத் துடைத்து அவர் உட்காரப் போட்டார். பேச்சு நின்றிருந்த அத்தனை வருஷத்தில் அந்த ஆள் ஒவ்வொரு கல்லாகத் தூக்கியிருக்கிறார் என்று மாட்டேனுக்குப் புரிந்தது. மழை எவ்வளவு அடித்தாலும் இந்தச் சுவரைத் தாண்டி ஒரு பிடி மண் கீழே இறங்காது. மருந்து டப்பா ஒன்றும் கண்ணில் படவில்லை. வாங்க வசதியில்லாமல் இருக்கலாம், அதுவும் நல்லதற்குத்தான்.

"ரயில் வருது," என்றார் மாட்டேன். "லோடு நிறைய. கேட்டைத் திறங்க."

முடிவு ஆகிவிட்டது. ஆனால் முடிவு ஆனதும் மாட்டேனுக்குத் தூக்கம் கெட்டது. மண் கைக்கு அகப்படுகிற சாமான். வழியில் பாதியைச் சூளையில் இறக்கிவிட்டு மீதியைக் கொண்டுபோய்க் கொட்டினால் யாருக்குத் தெரியும்? மண் அள்ளுகிற இயந்திரம் ஓட்டுகிறவன் முன்பின் தெரியாத ஆள். தவளைக்காரி படித்தவள், படித்தவர்கள் எங்கே எப்போது கையெழுத்துப் போடுவார்கள் என்று தெரியாது. மருமகன் நல்லவர்தான், ஆனால் சத்தம் போடாத ஆள். லாரி பின்னாலேயே போக முழங்கால் விடாது.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். யாரிடமும் சொல்லவில்லை.

இயந்திரம் வந்து மேல்மண்ணைச் சுரண்டிக் குவியல் குவியலாக வைத்தது. மாட்டேன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வரப்பில் உட்கார்ந்தார். சுரண்டிய இடத்தில் மட்டும் கால் வைக்கவில்லை; வெளுத்த மணலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வப்போது எழுந்து, இடுப்பில் கை வைத்து, குவியல்களைச் சுற்றி நடந்துவிட்டு வந்து உட்காருவார். வயசானவர், மண்ணைப் பிரிய மனசில்லை என்று இயந்திரக்காரன் பரிதாபப்பட்டான். அவர் சட்டைப்பையில் கடுகு இருந்தது. நடக்க நடக்க ஒவ்வொரு குவியலிலும் ஒரு பிடி தூவினார். மழை விழுந்தால் கடுகு முளைக்காமல் இருக்காது. பூத்தால் மஞ்சள், ஊருக்கே தெரியும். மண் எங்கே போய் ஒளிந்தாலும் தானே கையைத் தூக்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

"கடுகு டப்பா காலியா இருக்கு," என்றாள் மனைவி.

"எலியா இருக்கும்."

"எலி கடுகு தின்னுமா?"

"பசிச்சா தின்னும்."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வேலையைப் பார்க்கப் போனாள். மறுநாளும் டப்பா காலியானது. மறுபடி வாங்கி வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. பெண்சாதி ஒன்றும் கேட்காமல் இருந்தால் மனிதன் உஷாராகவேண்டும். அத்தனை பேரைச் சந்தேகப்பட்டவருக்கு அது மட்டும் தோன்றவில்லை.

கடைசி லாரி போன அந்த வாரமே மழை இறங்கியது. அடித்து ஊற்றவில்லை. நின்று, நிதானமாக, நாள் கணக்காகப் பெய்தது. ஒரு நாள் சாயங்காலம் வாசலில் நின்றிருந்தபோது ஆற்றுப் பக்கமிருந்து கரகரவென்று இடைவிடாத ஒரு சத்தம் வந்தது. எவனோ மோட்டார் வைத்துத் தண்ணீர் திருடுகிறான் என்று தவளைக்காரிக்கு உடனே போன் போட்டார்.

"மோட்டார் இல்லைங்கய்யா," என்றாள். "அதுங்கதான். வந்துடுச்சுங்க."

"எது?"

"ஓடுற தவளை."

"இவ்வளவு சத்தமா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தார். அந்த உள்ளங்கைப் பிராணிக்கு அவ்வளவு தொண்டை இருக்கும் என்று அவர் நம்பவில்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார்.

மழை விட்டும் பெய்தும் ஒரு மாதம் போய், வெயில் ஏறியதும் மருமகனின் லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து சம்பந்தியைப் பார்க்கப் போனார். சரிவு திரும்பியதும் தெரிந்தது. கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டு வரைக்கும் பச்சை, பச்சைக்கு மேலே அப்போதுதான் விரிகிற மஞ்சள். ஒரு தட்டு விடாமல். மாட்டேன் மூச்சை விட்டார்.

"நான் கடுகு விதைக்கவே இல்ல சம்பந்தி," என்றார் ரயில்வே கேட்காரர். "தானா வந்திருக்கு."

"மண்ணோட வந்திருக்கும்."

"பொண்ணு வந்தா கூடவே பெட்டியும் வரும்னு சொல்லுங்க."

"அப்படி வச்சுக்குங்க."

இரண்டு பேரும் சுவர்மேல் உட்கார்ந்தார்கள். கேட்காரர் கடுகுக்கு நடுவில் வெண்டை போட்டிருந்ததைக் காட்டினார். வரிசை கொஞ்சம் கோணல். மாட்டேன் அதைச் சொல்ல வாயெடுத்து, சுவரைத் தடவிவிட்டு, சொல்லாமல் விட்டார். திரும்பும் வழியில் மருமகனிடம், "சூளைப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டுப் போங்க மாப்ள" என்றார். சூளையைச் சுற்றி எங்கும் மஞ்சள் இல்லை. மருமகன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். சிரிப்பை அடக்குகிறார் என்று அப்போது மாமனாருக்குத் தெரியவில்லை.

மறுநாள் தவளைக்காரி வாசலில் வந்து நின்றாள். "ஐயா, கொஞ்சம் வரீங்களா? நிலத்துல ஒண்ணு புரியல."

சுரண்டிய நிலத்தில், மண் குவியல்கள் இருந்த இடங்களிலெல்லாம், வட்டம் வட்டமாக மஞ்சள் பூத்திருந்தது. குவியலில் தூவினால் பாதி சறுக்கித் தரையில் விழும் என்று மாட்டேனுக்குத் தோன்றவே இல்லை. வெறும் மணலில் மெலிந்துபோய், ஆனாலும் பிடிவாதமாக, கடுகு நின்றது.

"விதைச்ச மாதிரியே இருக்குங்கய்யா."

"பறவை கொண்டு வந்து போட்டிருக்கும்."

"பறவை இவ்வளவு அழகா வட்டம் போடுமா?"

"படிச்சவ நீ. எனக்கு என்ன தெரியும்?"

அவள் அவருடைய சட்டைப்பையைப் பார்த்தாள். தையலில் இன்னும் நாலைந்து கடுகு ஒட்டிக்கொண்டிருந்தது. "விதை கட்டுறதுக்கு முன்னாடி பிடுங்கிட்டா போதும். இல்லன்னா அடுத்த வருஷம் நிழல் கட்டிடும். நான் தனியாத்தான் இருக்கேன் இன்னைக்கு," என்று மட்டும் சொன்னாள்.

மாட்டேன் செருப்பைக் கழற்றிவிட்டு, சுரண்டிய பிறகு முதல் தடவையாக அந்த நிலத்தில் இறங்கினார். மணல் சூடாக இருந்தது. குனிந்து பிடுங்க ஆரம்பித்தார். களை பிடுங்கியே தேய்ந்த விரல்கள். வேரோடு, மண் உதறி, ஒரே கையில் சேர்த்துக்கொண்டே போயின. ஒரு தேங்கலின் ஓரத்துக்கு வந்தபோது தண்ணீருக்கு அடியில் மை தெளித்த மாதிரி கறுப்பாக எதுவோ அசைந்தது. கை நிழல் விழுந்ததும் மை கலைந்தது. பிறகு மறுபடி கூடியது. தேரைக் குஞ்சுகள், வால் மட்டும் இருந்தவை. ஓரத்தில் கால் முளைத்துவிட்ட ஒன்று, கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது, ஈர மணலில் ஏறிக் குடுகுடுவென்று ஓடியது. முதுகில் நூல் மாதிரி மஞ்சள்.

அது அவருடைய கால் கட்டைவிரல்வரை ஓடி வந்து, அதை ஏறுவதா சுற்றிப் போவதா என்று நின்று யோசித்தது.

"மாட்டேங்குது," என்றார்.

"என்னங்கய்யா?"

"ஒண்ணுமில்ல. தாவலன்னு சொன்னேன்."

கால் விரலை அசைக்காமல் நின்றார். அது சுற்றிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அடியெடுத்து வைக்குமுன் தரையைப் பார்த்துப் பார்த்து வைத்தார். அதனால் வேலை முடிய மத்தியானம் தாண்டிவிட்டது.

பிடுங்கிய கடுகை அங்கே போட்டால் அங்கேயே காய்த்துத் தொலைக்கும். கட்டாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு குப்பைக்குழி உண்டு. கொல்லைக் கதவு மழையில் ஊறித் திறக்க முடியவில்லை என்று மனைவி சொல்லியிருந்தாள். படிக்கட்டு இறங்க முழங்காலும் சம்மதிக்காது என்பதால் அவரும் அந்தப் பக்கம் போய் வெகுநாள் ஆகியிருந்தது. வீட்டைச் சுற்றிச் சந்து வழியாகப் போனார்.

சந்து திரும்பினார். நின்றார்.

கொல்லை முழுவதும் மஞ்சள்.

ஒரு லாரி லோடு, குறையாமல், மதில் ஓரம்வரை சமமாகப் பரப்பியிருந்தது. கறுகறுவென்ற மண்ணில் இடுப்பு உயரத்துக்குக் கடுகு. சம்பந்தி வீட்டில் பூத்ததைவிட உயரம். நடுவில் தக்காளிக் கன்றுகள், குச்சி ஊன்றிக் கட்டியிருந்தன. அவற்றுக்கு நடுவில் அவர் மனைவி பூவாளியோடு நின்றாள். அவரைப் பார்த்ததும் பதறவில்லை. பூவாளியைக் கீழே வைத்தாள்.

"களவு போன மண்ணு கிடைச்சுதா?" என்றாள்.

மாட்டேன் கொல்லைக் கதவைப் பார்த்தார். "கதவு ஊறிப்போச்சுன்னு சொன்னியே."

"நீங்க எலின்னு சொன்னீங்க."

"மாப்ளயுமா இதுல?"

"லாரி ஓட்டுறவர் அவர்தானே? பாதி என்னோடதுன்னு அன்னைக்கே சொன்னேன். பாதிகூட எடுக்கல, ஒரே லோடு. நீங்க சாப்பிட வந்த நேரம் பார்த்து ஏத்தி, நீங்க திரும்பிப் போனதும் கொண்டுவந்து கொட்டிட்டார்."

"எந்தக் குவியல்?"

"மேட்டுப் பக்கத்துக் குவியல்."

அவர் கட்டை இறக்கிவிட்டுக் குனிந்து ஒரு பிடி அள்ளினார். விரலால் நசுக்கினார், முகர்ந்தார். ஆற்று வண்டல் வாடை இல்லை. மாட்டுக்கொட்டகை இருந்த மேடு, எரு கொட்டிக் கொட்டி இறுகிய இடம். நிலத்திலேயே அதற்கு மிஞ்சிய மண் கிடையாது. அது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பதுதான் இத்தனை நாள் தெரியாமல் இருந்தது.

"திருடி," என்றார், ஆனால் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"திருடின்னா பிடிச்சுக் கொடுங்க. சாட்சிதான் இடுப்பு உயரத்துக்கு நிக்குதே." அவள் கடுகைக் கையால் விலக்கினாள். "உங்க சாட்சி என் தக்காளிக்கு வெயில் விழாம மறைக்குது. வந்து பிடுங்கிக் கொடுங்க."

காலையிலிருந்து குனிந்த இடுப்பு. முழங்கால் வேறு குத்தியது.

"மாட்டேன்," என்றார்.

அவள் காத்திருக்கவில்லை, பூவாளியில் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். அவள் திரும்பி வரும்போது அவர் மண்டியிட்டு முதல் வரிசையில் பாதி தூரம் வந்திருந்தார். தக்காளிக் கன்றை ஒட்டி நின்ற கடுகைப் பிடுங்கும்போது மட்டும், கன்றின் வேர் அசையாமல் இன்னொரு கையால் மண்ணை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.